துணியில் எழுதிய வாழ்க்கை

நுழையும்முன்

குளிர்காலம் தொடங்கியதும் வட இந்திய வீடுகளில் ரஜாய் வெளியே எடுக்கப்படும். வங்காளத்தில் பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நூலோட்டித் தைத்துக் 'காந்தா' என்னும் போர்வை செய்வர். பீகாரில் 'சுஜனி' செய்வர். நீங்கள் வாழும் ஊரில் இவற்றுள் ஒன்றையேனும் கண்டிருப்பீர்கள். இத்தகைய ஒரு போர்வையையே ஏடாகக் கொண்டு, தம் கதையைத் தாமே எழுதிய ஓவியர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடத்தில் காண்போம்.

ஒட்டுப்போர்வை

அமெரிக்க நாட்டில் இவ்வகைப் போர்வை 'குவில்ட்' எனப்படும். தமிழில் அதனை ஒட்டுப்போர்வை எனலாம். அதற்கு மூன்று அடுக்குகள் உண்டு. மேலடுக்கு, சிறுசிறு துணித்துண்டுகளை இணைத்துத் தைத்தது. நடுவில் பஞ்சு இருக்கும். கீழே அடித்துணி இருக்கும். இம்மூன்றும் நழுவாதிருக்க, அவற்றை ஊடுருவிச் செல்லுமாறு நெருக்கமாகத் தையலிடுவர். பெரிய போர்வையை ஒருவரே தைத்து முடிக்க நெடுநாள் ஆகும். ஆகவே, அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரு மரச்சட்டத்தைச் சுற்றி அமர்ந்து, பேசிக்கொண்டே கூடித் தைப்பது அந்நாட்டின் பழைய வழக்கம். கிழிந்த சட்டையும் நைந்த பாவாடையும் வீணாகாமல் அப்போர்வையில் இடம்பெறும்.

வழிவழி வந்த ஊசி

ஃபெய்த் ரிங்கோல்டு 1930ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள், நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் பிறந்தார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பின மக்கள் பெருந்திரளாக வடபகுதி நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். இனக்கொடுமையிலிருந்து விடுபடவும் வேலை தேடவும் அவர்கள் ஊரை விட்டு வந்தனர். ஃபெய்த்தின் தாயார் வில்லி போசியும் புளோரிடா மாநிலத்திலிருந்து அவ்வாறு வந்தவரே. தந்தை நகரத் துப்புரவுத் துறையில் வண்டி ஓட்டினார். தாயார் ஆடை வடிவமைப்பாளர்.

சிறுமி ஃபெய்த்துக்கு மூச்சிரைப்பு நோய் இருந்தது. அதனால் பள்ளிக்குச் செல்ல இயலாத நாள்கள் பல. அந்நாள்களில் தாயார் அவரிடம் வண்ணக்கோல்களையும் துணித்துண்டுகளையும் ஊசிநூலையும் கொடுத்து வைப்பார். படம் வரைவதும் துணி தைப்பதும் அவருக்கு ஒரே காலத்தில், ஒரே அறையில் பழகிய கலைகள் ஆயின.

அந்த ஊசிக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. ஃபெய்த்தின் எள்ளுப்பாட்டி சூசி ஷானன் அடிமையாகப் பிறந்தவர். பண்ணை முதலாளியின் குடும்பத்திற்காக அவர் ஒட்டுப்போர்வைகள் தைத்தார். அவர் தைத்த போர்வையின் வெம்மை பிறருக்குச் சென்றது. ஆனால், தையற்கலை அவரிடமே தங்கியது. அதனை அவர் தம் மகள் பெட்சி பிங்காமுக்குக் கற்பித்தார். பெட்சி, மாவு மூட்டைத் துணிகளை வெண்மையாகும் வரை வேகவைத்து வெளுத்து, போர்வைக்கு அடித்துணியாக்குவார். அதனைச் சிறுவயதில் அருகிருந்து பார்த்தவர் பெட்சியின் பேத்தியாகிய வில்லி போசி. வில்லியிடமிருந்து அக்கலை ஃபெய்த்தை வந்தடைந்தது.

மூடிய கதவுகள்

ஃபெய்த் ஓவியராக விரும்பினார். நியூயார்க் நகரக் கல்லூரியில் ஓவியத்தை முதன்மைப் பாடமாகக் கற்க விண்ணப்பித்தார். அக்காலத்தில் அந்தப் பிரிவில் ஆண்களுக்கே இடமளித்தனர். ஓவிய ஆசிரியராவதற்குரிய கல்விப் பிரிவில் சேர்ந்தால் ஓவியமும் கற்கலாம் என்பதை அறிந்து, அதில் சேர்ந்தார். 1955ஆம் ஆண்டு பட்டம் பெற்று, 1973 வரை நியூயார்க் நகரப் பள்ளிகளில் ஓவியம் கற்பித்தார். இடையில் இரு பெண்மக்களையும் வளர்த்தார்.

அவ்வாண்டுகளில் அவர் எண்ணெய் வண்ணத்தில் பெரிய ஓவியங்களைத் தீட்டினார். வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையில் நிலவிய பகையையும் அச்சத்தையும் அவை காட்டின. 1967இல் தீட்டிய ஓர் ஓவியம் 6 அடி உயரமும் 12 அடி அகலமும் கொண்டது. ஆனால், பெரிய அருங்காட்சியகங்கள் கறுப்பினத்தவரின் படைப்புகளையும் பெண்களின் படைப்புகளையும் அரிதாகவே காட்சிக்கு வைத்தன. 1970இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில், கண்காட்சியில் பாதி இடம் பெண்களுக்கு வேண்டும் எனக் கேட்டுப் போராடியவர்களுள் ஃபெய்த்தும் ஒருவர்.

பெட்டிக்குள் ஒரு கண்காட்சி

1972ஆம் ஆண்டு ஃபெய்த், ஆம்ஸ்டர்டாம் நகரின் ரைக்ஸ் அருங்காட்சியகத்திற்குச் சென்றார். அங்கே திபெத், நேபாளம் ஆகிய நாடுகளின் 'தாங்கா' ஓவியங்களைக் கண்டார். துணியில் தீட்டி, பட்டுத்துணியால் கரைகட்டிய பௌத்த ஓவியங்கள் அவை. துறவிகள் அவற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்வர். வேண்டிய இடத்தில் விரித்துத் தொங்கவிடுவர்.

ஃபெய்த் சிந்தித்தார். மரச்சட்டத்தில் அடித்த பெரிய ஓவியத்தை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குக் கொண்டுசெல்ல வண்டியும் ஆள்களும் வேண்டும். துணி ஓவியமாயின் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிடலாம். ஊர் திரும்பியதும் அவர் மரச்சட்டத்தை நீக்கினார். அவர் தீட்டிய ஓவியங்களுக்குத் தாயார் துணியால் கரை தைத்துக் கொடுத்தார்.

1973இல் பள்ளிப் பணியை விட்டு விலகி, முழுநேரக் கலைஞரானார். துணி ஓவியங்களையும் துணியால் செய்த முகமூடிகளையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, பல மாநிலங்களின் கல்லூரிகளுக்குச் சென்றார். சென்ற இடங்களில் பெட்டியைத் திறந்து கண்காட்சி அமைத்தார், சொற்பொழிவாற்றினார், மாணவர்களுக்குக் கைவேலை கற்பித்தார். அருங்காட்சியகத்தின் கதவு திறக்கும் வரை அவர் காத்திருக்கவில்லை. பிற்காலத்தில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஓவியப் பேராசிரியராகி, 2002 வரை பணியாற்றினார்.

துணியே ஏடானது

1980ஆம் ஆண்டு தாயும் மகளும் சேர்ந்து ஒரு ஒட்டுப்போர்வை செய்தனர். 'ஹார்லெமின் எதிரொலிகள்' என்பது அதன் பெயர். ஹார்லெம் மக்கள் முப்பதின்மரின் முகங்களை ஃபெய்த் தீட்ட, அவற்றைத் துணித்துண்டுகளோடு இணைத்துப் போர்வையாக்கினர். அதற்கு அடுத்த ஆண்டே தாயார் மறைந்தார். இருவரும் சேர்ந்து செய்த ஒட்டுப்போர்வை அது ஒன்றே.

அந்நாள்களில் ஃபெய்த் தம் வாழ்க்கை வரலாற்றையும் எழுதியிருந்தார். பதிப்பாளர் எவரும் அதனை வெளியிட முன்வரவில்லை. அப்போது அவருக்கு ஒரு வழி தோன்றியது. கதையைப் போர்வையிலேயே எழுதிவிட்டால், போர்வையைக் காண்பவர் கதையையும் படிப்பர். போர்வையின் படத்தை அச்சிடுவோர் கதையையும் சேர்த்தே அச்சிடுவர். பிறர் திருத்தாத தம் சொற்கள் மக்களைச் சென்றடையும். 1983இல் அவர் தம் முதல் கதைப்போர்வையைச் செய்தார். ஓவியங்கள், துணித்துண்டுகள், இடையிடையே கையால் எழுதிய கதை என அது அமைந்தது.

தார்க் கடற்கரை

அவருடைய கதைப்போர்வைகளுள் புகழ்மிக்கது 1988இல் உருவான 'தார் பீச்'. தார்க் கடற்கரை என்பது இதன் பொருள். ஹார்லெமின் அடுக்குமாடி வீடுகளில் மொட்டைமாடித் தளத்திற்குத் தார் பூசியிருப்பர். கோடைக்கால இரவில், கடற்கரைக்குச் செல்ல வசதியற்ற குடும்பங்கள் அங்கே விரிப்பை விரித்துக் காற்று வாங்கும். அதுவே அவர்களுக்குக் கடற்கரை.

கதை 1939ஆம் ஆண்டில் நிகழ்கிறது. எட்டு வயதுச் சிறுமி கேசி, தம்பியோடு மாடியில் படுத்திருக்கிறாள். பெற்றோர் அண்டை வீட்டாரோடு சீட்டாடுகின்றனர். கேசி விண்மீன்களுக்கு இடையே பறக்கிறாள். ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தின்மேல் பறந்து, அதனைத் தனதாக்கிக்கொள்கிறாள். அவளுடைய தந்தை கட்டுமானத் தொழிலாளி. அப்பாலத்தைக் கட்டியவர்களுள் ஒருவர். எனினும், அவருடைய இனம் காரணமாகத் தொழிற்சங்கம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே, சங்கக் கட்டடத்தின்மேலும் பறந்து அதனைத் தந்தைக்கு உரியதாக்குவேன் என்கிறாள் கேசி. நாள்தோறும் உணவுக்குப்பின் பனிக்கூழ் கிடைக்க, பனிக்கூழ்த் தொழிற்சாலையின்மேலும் பறக்க எண்ணுகிறாள்! குழந்தையின் ஆசையும் குடும்பத்தின் துயரும் ஒரே போர்வையில் அருகருகே இடம்பெற்றுள்ளன.

1991இல் இக்கதை சிறுவர் படநூலாக வெளிவந்தது. மறு ஆண்டு அந்நூலுக்குக் கால்டெகாட் சிறப்புத் தகுதியும் கொரெட்டா ஸ்காட் கிங் விருதும் கிடைத்தன. எவரும் வெளியிட முன்வராத அவருடைய வாழ்க்கை வரலாறும் 1995இல் நூலாக வந்தது.

கூடித் தைத்தவர்கள்

ஒட்டுப்போர்வை கூட்டுழைப்பின் கலை என்பதை ஃபெய்த் மறக்கவில்லை. 1991இல் அவர் செய்த ஒரு போர்வையில், அமெரிக்க வரலாற்றில் விடுதலைக்கும் உரிமைக்கும் உழைத்த கறுப்பினப் பெண்கள் எண்மர் சூரியகாந்தித் தோட்டத்தில் கூடி, சூரியகாந்திப் போர்வை ஒன்றைப் பிடித்திருக்கின்றனர். அடிமைகளை மீட்ட ஹாரியட் டப்மன் அவர்களுள் ஒருவர். பேருந்தில் இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் மற்றொருவர். வெவ்வேறு காலத்தில் வாழ்ந்தவர்கள் ஒரே போர்வையைச் சுற்றி நிற்கின்றனர். சூரியகாந்தி மலர்களைத் தீட்டிப் புகழ்பெற்ற ஓவியர் வான்கோ, கையில் பூச்சாடியோடு ஓரமாக நிற்கிறார்!

மெய்யான வாழ்விலும் போர்வை மக்களை ஒன்று சேர்த்தது. அலபாமா மாநிலத்தில் வாக்குரிமைப் போராட்டம் நடந்த காலத்தில், 1966இல், ஏழைக் கறுப்பினப் பெண்கள் ஒட்டுப்போர்வைக் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கித் தம் போர்வைகளை விற்று வருவாய் ஈட்டினர். அம்மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர்ப் பெண்களின் போர்வைகள் 2002 முதல் பெரிய அருங்காட்சியகங்களில் இடம்பெற்றன. 2006இல் அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் அவை வந்தன.

எதிர்ப்புக்கு விடை

1992இல் ஃபெய்த், நியூஜெர்சி மாநிலத்தின் எங்கிள்வுட் நகரில் ஜோன்ஸ் சாலையில் குடியேறினார். அங்கே ஓவியக்கூடம் கட்ட முனைந்தபோது அக்கம்பக்கத்தார் எதிர்த்தனர். பல ஆண்டுகள் போராடியபின் ஓவியக்கூடம் எழுந்தது. அங்கிருந்து அவர் ஒரு புதிய கதைப்போர்வைத் தொடரைப் படைத்தார். அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு தப்பிய மக்கள், இரவில் காடுகளைக் கடந்து நடந்து, விடுதலை நாடி ஜோன்ஸ் சாலையை வந்தடையும் கதை அது. அவரைப் பெற்றவர்களின் குடும்பப்பெயரும் ஜோன்ஸ் என்பது குறிப்பிடத்தக்கது.

20-க்கும் மேற்பட்ட மதிப்புறு முனைவர் பட்டங்களைப் பெற்ற ஃபெய்த் ரிங்கோல்டு, 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், தம் 93ஆம் வயதில் மறைந்தார். அந்தப் 12 அடி ஓவியத்தை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2016இல் வாங்கியது. 'தார் பீச்' போர்வை அந்நகரின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் உள்ளது. எள்ளுப்பாட்டி தைத்த போர்வைகளில் அவர் பெயர் இல்லை. பேத்தியின் மகள் வளர்த்த பெண், தன் பெயரையும் கதையையும் தன் கையாலேயே போர்வையில் எழுதினாள்.

பயிற்சி

அ. சொற்பொருள்

ஏடு – எழுதுவதற்குரிய தாள் அல்லது ஓலை
கொள்ளுப்பாட்டி – பாட்டியின் தாய்
எள்ளுப்பாட்டி – பாட்டியின் பாட்டி
நைந்த – தேய்ந்து இற்றுப்போன
வெம்மை – சூடு
தளை – விலங்கு, கட்டு
எண்மர் – எட்டுப் பேர்

ஆ. பிரித்து எழுதுக

1. மேலடுக்கு
2. மரப்பெட்டி
3. கூட்டுழைப்பு
4. கதைப்போர்வை

இ. எடுத்துக்காட்டைப் பின்பற்றிப் பிறவினையாக மாற்றுக

எடுத்துக்காட்டு: துணி சுருண்டது – துணியைச் சுருட்டினார்.

1. பெண்கள் சேர்ந்தனர்.
2. கண்காட்சி அமைந்தது.
3. ஓவியக்கூடம் எழுந்தது.

ஈ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக

1. ஒட்டுப்போர்வையின் மூன்று அடுக்குகள் யாவை?
2. மொட்டைமாடி, தார்க் கடற்கரை எனப் பெயர் பெற்றது ஏன்?
3. தாங்கா ஓவியங்களைக் கண்டபின் ஃபெய்த் செய்த மாற்றம் என்ன?

உ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக

1. கதையைப் போர்வையில் எழுத ஃபெய்த் முடிவு செய்த காரணத்தை விளக்குக.
2. கேசி, சங்கக் கட்டடத்தின்மேல் பறக்க விரும்பியது எதனைக் காட்டுகிறது? உம் கருத்தை எழுதுக.

ஊ. செயல்பாடு

உங்கள் வீட்டில் ஊரிலிருந்து கொண்டுவந்து பாதுகாத்து வைத்துள்ள பழைய துணி ஏதேனும் இருக்கும். பாட்டியின் சேலையாகவோ, உங்களுக்குத் தூளி கட்டிய வேட்டியாகவோ அது இருக்கலாம். அது யாருடையது, எப்போது வாங்கியது, ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்பதை அம்மாவிடமோ, தொலைபேசியில் பாட்டியிடமோ கேளுங்கள். அவர்கள் சொன்ன சொற்களை மாற்றாமல், பத்துத் தொடர்களில் தமிழில் எழுதுங்கள். வகுப்பில் அனைவரின் தாள்களையும் கட்டம் கட்டமாக ஒட்டி, ஒரு காகிதப் போர்வை செய்து சுவரில் தொங்கவிடுங்கள்.