ஷேர்டு ஃபோல்டரைத் தொட்டதும் விஎம் விழுந்துவிடுகிறது!

கேள்வி:

பி.இ. கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். என் லேப்டாப்பில் விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம். விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 போட்டு, அதற்குள் உபுண்டு 22.04 வைத்திருக்கிறேன். புராஜெக்ட் கோப்புகளை இரண்டு பக்கமிருந்தும் பார்க்க வசதியாக இருக்குமே என்று ஷேர்டு ஃபோல்டர் அமைத்தேன். ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் ஓடியது. உபுண்டுவில் அப்டேட் போட்ட பிறகு வந்தது வினை. அந்த ஃபோல்டருக்குள் என்பிஎம் இன்ஸ்டால் கொடுத்தால் பாதியில் உறைந்துவிடுகிறது. சில நேரம் விஎம் ஜன்னலே தானாக மூடிக்கொள்கிறது. கெஸ்ட் அடிஷன்ஸை ஒருமுறை ஆப்ட் வழியாகவும், பிறகு சிடி இமேஜ் வழியாகவும் போட்டுப் பார்த்துவிட்டேன். விஎம்மை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழியா? இத்தனை முறை விழுந்ததில் என் கோப்புகள் கெட்டுப்போயிருக்குமா?

பதில்:

அழிக்க வேண்டாம். புதிதாகப் போட்டாலும் அடுத்த கெர்னல் அப்டேட்டில் இதே இடத்துக்குத்தான் வந்து நிற்பீர்கள். முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உறைவதும் ஜன்னல் மூடிக்கொள்வதும் ஒரே கோளாறு போல எழுதியிருக்கிறீர்கள். அவை இரண்டும் வேறு வேறு. உறையும்போது கோளாறு பெரும்பாலும் உபுண்டுவுக்குள் இருக்கிறது. ஜன்னல் மூடிக்கொண்டால் விண்டோஸில் ஓடும் விர்ச்சுவல்பாக்ஸ் புராசஸே செத்துப்போயிருக்கிறது. எது விழுந்தது என்று தெரியாமல் மருந்து தேடுவதால்தான் கெஸ்ட் அடிஷன்ஸை இரண்டு வழியிலும் போட்டுப் பார்க்கும் நிலை வருகிறது.

ஷேர்டு ஃபோல்டர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும். உபுண்டுவுக்குள் விபாக்ஸ்எஸ்எஃப் என்ற கெர்னல் மாட்யூல் இருக்கிறது. நீங்கள் ஒரு கோப்பைத் திறந்தாலும், படித்தாலும், பெயர் மாற்றினாலும் அந்த வேண்டுகோளை இந்த மாட்யூல் வாங்கி, எச்ஜிசிஎம் என்ற உள்வழியாக விண்டோஸ் பக்கம் தள்ளுகிறது. அங்கே விஎம் ஓடும் அதே புராசஸுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு டிஎல்எல், விண்டோஸ் கோப்புறையில் வேலையை முடித்து விடையை அனுப்புகிறது. ஆக, ஒரு கால் உபுண்டுவின் கெர்னலில், இன்னொரு கால் விஎம் புராசஸில். சாதாரண நிரல் ஒன்று தவறு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னல் மாட்யூல் தவறு செய்தால் மொத்த உபுண்டுவும் தடுமாறும். விண்டோஸ் பக்கத்து டிஎல்எல் தவறு செய்தால், ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் பிளக்கைப் பிடுங்கியது போல விஎம் அப்படியே போய்விடும்.

அடுத்த முறை விழுந்ததும் உடனே மறுபடி ஸ்டார்ட் பொத்தானை அழுத்தாதீர்கள். விர்ச்சுவல்பாக்ஸ் மேனேஜரில் விஎம் பெயருக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘அபார்ட்டட்’ என்று இருந்தால் விண்டோஸ் பக்கத்துப் புராசஸ் செத்திருக்கிறது. ‘குரு மெடிட்டேஷன்’ என்று வந்தால், மேற்கொண்டு ஓட முடியாத நிலை ஏற்பட்டு விர்ச்சுவல்பாக்ஸே விஎம்மை நிறுத்தி வைத்திருக்கிறது. ‘ரன்னிங்’ என்றே காட்டிக்கொண்டு திரை மட்டும் அசையாமல் இருந்தால் முதல் சந்தேகம் உபுண்டு கெர்னல் மேல்தான். ‘பாஸ்டு’ என்று இருந்தால் நிம்மதியாக மூச்சு விடலாம். அது விழவே இல்லை. விண்டோஸ் டிரைவில் இடம் தீர்ந்துபோனால் விர்ச்சுவல்பாக்ஸ் விஎம்மை இடைநிறுத்தி, டிஸ்க் ஃபுல் என்று செய்தி காட்டும். தேவைக்கேற்ப வளரும் மெய்நிகர் டிஸ்க் வைத்திருப்பவர்கள், ஷேர்டு ஃபோல்டரிலிருந்து பெரிய கோப்புகளை உள்ளே இழுக்கும்போது இதில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த டிரைவில் கொஞ்சம் இடத்தைக் காலி செய்துவிட்டு ரெஸ்யூம் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்தே ஓடும்.

இப்போது உபுண்டு உறையும் விஷயம். உங்கள் கடிதத்தில் இரண்டு தடயங்கள் இருக்கின்றன: அப்டேட்டுக்குப் பிறகு ஆரம்பித்தது என்பது ஒன்று, கெஸ்ட் அடிஷன்ஸை இரண்டு வழியிலும் போட்டது மற்றொன்று. உபுண்டு 22.04 வெளிவந்தபோது அதன் கெர்னல் 5.15. டெஸ்க்டாப் பதிப்பில் காலப்போக்கில் அது 5.19, 6.2, 6.5, 6.8 என்று ஏறிக்கொண்டே வந்தது. கெஸ்ட் அடிஷன்ஸின் மாட்யூல்கள் ஒவ்வொரு கெர்னலுக்கும் தனித்தனியாகக் கம்பைல் ஆக வேண்டியவை. கெர்னலின் உள்ளமைப்பு மாறிவிட்டால் பழைய கெஸ்ட் அடிஷன்ஸ் அதற்குக் கம்பைல் ஆகாமலே போகலாம். போதாததற்கு, 2020-இல் வந்த லினக்ஸ் 5.6 முதல் கெர்னலுக்குள்ளேயே விபாக்ஸ்எஸ்எஃப் ஒன்று சேர்ந்துவிட்டது. ஆகவே உங்கள் உபுண்டுவில் கெர்னலோடு வந்த மாட்யூல், சிடி இமேஜ் வழியாக வந்த ஆரக்கிள் மாட்யூல், உபுண்டுவின் ஆப்ட் தொகுப்பாக வந்த 6.1 வரிசைக் கருவிகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. வெளியே விண்டோஸில் இருப்பதோ 7.0. இந்தக் கலவையைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

எந்த மாட்யூல் உண்மையில் இருக்கிறது என்று பார்க்க, டெர்மினலில் மோட்இன்ஃபோ விபாக்ஸ்எஸ்எஃப் என்று கொடுங்கள். வரும் விடையில் முதல் வரி, கோப்பு இருக்கும் பாதை. அதில் கெர்னல், எஃப்எஸ் என்ற அடைவுகள் தெரிந்தால் அது கெர்னலோடு வந்தது. மிஸ்க் என்ற அடைவு தெரிந்தால் சிடி இமேஜிலிருந்து வந்தது. அதே விடையில் பதிப்பு எண்ணும் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் பக்கம் விஎம்மின் கோப்புறையில் லாக்ஸ் என்று ஒரு அடைவு உண்டு. அங்குள்ள விபாக்ஸ் லாக் கோப்பைத் திறந்து ‘கெஸ்ட் அடிஷன்ஸ் இன்ஃபர்மேஷன் ரிப்போர்ட்’ என்ற வரியைத் தேடினால், உள்ளே ஓடும் கருவிகள் தம்மை எந்தப் பதிப்பு என்று சொல்லிக்கொள்கின்றன எனத் தெரியும். அது 6.1 என்று காட்டி, வெளியே 7.0 இருந்தால் சரி செய்ய வேண்டியது அங்கேதான்.

சரி செய்யும்போது வரிசை முக்கியம். முதலில் விஎம்முக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். ஷேர்டு ஃபோல்டரை செட்டிங்ஸில் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள். உபுண்டுவில் விர்ச்சுவல்பாக்ஸ் கெஸ்ட் யூட்டில்ஸ், அதன் எக்ஸ்11 துணைத் தொகுப்பு இரண்டையும் ஆப்ட் பர்ஜ் மூலம் நீக்குங்கள். ரூட்டுக்கு நேர் கீழே ஓபிடி என்று இருக்கும் அடைவுக்குள் விபாக்ஸ் கெஸ்ட் அடிஷன்ஸ் அடைவு இருக்கும். அதிலுள்ள அன்இன்ஸ்டால் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். மறுபடி பூட் செய்யுங்கள். பிறகு ஜிசிசி, மேக், இப்போது ஓடும் கெர்னலுக்குரிய ஹெடர் தொகுப்பு மூன்றும் இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொண்டு, விண்டோஸில் உள்ள விர்ச்சுவல்பாக்ஸின் அதே பதிப்புக்குரிய சிடி இமேஜிலிருந்து நிறுவுங்கள். நிறுவி முடிந்ததும் திரையில் வரும் கடைசி வரியை மட்டும் நம்பிவிடாதீர்கள். வார் லாக் அடைவில் விபாக்ஸ்ஆட் செட்டப் என்ற லாக் இருக்கும். கம்பைல் தோற்றிருந்தால் காரணம் அதில்தான் பதிவாகும். அங்கே பிழை தெரிந்தால், விண்டோஸில் விர்ச்சுவல்பாக்ஸையே அந்த வரிசையின் கடைசிப் பதிப்புக்கு உயர்த்திவிட்டு அதன் சிடி இமேஜைப் பயன்படுத்துங்கள். புதிய கெர்னல்களுக்கான திருத்தங்கள் அந்தச் சிறு பதிப்புகளில்தான் வருகின்றன.

அதன் பிறகும் உறைந்தால் கெர்னலின் வாயிலிருந்தே காரணத்தைக் கேட்கலாம். ஒரு டெர்மினலில் டிமெசேஜ் கட்டளையை மைனஸ் டபிள்யூ சேர்த்து சூடோவுடன் ஓடவிட்டு, அந்த ஜன்னல் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டு, இன்னொன்றில் என்பிஎம் இன்ஸ்டால் கொடுங்கள். உறையும் நொடியில் திரையில் நிற்பதை மொபைலில் படம் எடுங்கள். உறைந்துபோன கணினி கடைசி வரிகளை டிஸ்க்கில் எழுதாமலே போய்விடும் என்பதால் இந்தப் படம் மிகவும் பயன்படும். ‘ஊப்ஸ்’, ‘கால் டிரேஸ்’ என்று ஆரம்பிக்கும் பகுதியில் சதுர அடைப்புக்குள் விபாக்ஸ்எஸ்எஃப் என்று திரும்பத் திரும்ப வந்தால் மாட்யூல்தான் குற்றவாளி. ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று வந்தால் கதை வேறு. விஎம்முக்குக் கொடுத்த ரேம் போதவில்லை.

ரேம் என்றதும் உங்கள் 8 ஜிபி நினைவுக்கு வருகிறது. விண்டோஸ் 11-உம் ஒரு பிரவுசரும் திறந்திருந்தாலே அதில் பாதி போய்விடும். அதனால் விஎம்முக்கு ரேமைக் கூட்டுவதற்கும் எல்லை உண்டு: 4 ஜிபிக்கு மேல் கொடுத்திருந்தால் குறையுங்கள். செட்டிங்ஸில் மெமரி ஸ்லைடரின் பச்சைப் பகுதிக்குள் நில்லுங்கள்.

ஜன்னல் மூடிக்கொள்ளும் விஷயத்துக்கு வருவோம். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதியைத் திறந்து, விழுந்த நேரத்துக்குரிய 1000 என்ற எண் கொண்ட பிழைப் பதிவைப் பாருங்கள். அதில் ‘ஃபால்ட்டிங் மாட்யூல்’ என்ற வரியில் ஒரு டிஎல்எல் பெயர் இருக்கும். அது விபாக்ஸ் ஷேர்டு ஃபோல்டர்ஸ் டிஎல்எல் என்றால் நாம் தேடியது கிடைத்துவிட்டது. ஆன்டிவைரஸ் அல்லது வேறொரு மென்பொருளின் டிஎல்எல் என்றால் ஷேர்டு ஃபோல்டரை அதன் ஸ்கேனிலிருந்து விலக்கிப் பாருங்கள். ஃபோல்டர் ஒன்டிரைவுக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டையும் ஒன்டிரைவ் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருப்பது பலருக்குத் தெரிவதில்லை. பெயர் மட்டும் தெரிந்து உள்ளடக்கம் இணையத்தில் கிடக்கும் கோப்புகளை விஎம் வழியாகத் தொடுவது தேவையில்லாத தலைவலி. சி டிரைவில் நேரடியாக ஒரு புதிய கோப்புறை உருவாக்கி அதைப் பகிருங்கள்.

விஎம் ஜன்னலின் கீழ் வலது மூலையில் பச்சை நிற ஆமை தெரிகிறதா? தெரிந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் நேரடியாக பிராசஸரைப் பயன்படுத்தாமல் விண்டோஸின் ஹைப்பர்-வி மேல் ஓடுகிறது என்று அர்த்தம். டபிள்யூஎஸ்எல் 2, மெமரி இன்டெக்ரிட்டி போன்றவை இயங்கினால் இப்படி ஆகும். வேகம் குறையும், சில கணினிகளில் நிலைத்தன்மையும் குறையும். ஆனால் மெமரி இன்டெக்ரிட்டி ஒரு பாதுகாப்பு வசதி. அதை நிறுத்துவதைக் கடைசி முயற்சியாகத்தான் வைத்துக்கொள்வேன்.

இதெல்லாம் கோளாறைக் கண்டுபிடிக்க. என் உறுதியான கருத்து இன்னொன்று: என்பிஎம் இன்ஸ்டாலை ஷேர்டு ஃபோல்டருக்குள் ஓட்டவே கூடாது. நோட் மாட்யூல்ஸ் அடைவில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள் குவிகின்றன. ஒவ்வொன்றுக்கும் திற, எழுது, மூடு என்று உபுண்டுவுக்கும் விண்டோஸுக்கும் இடையே போக்குவரத்து. அதோடு அதன் பின் என்ற துணை அடைவில் என்பிஎம் சிம்லிங்க்குகள் போடுகிறது. விர்ச்சுவல்பாக்ஸ் பாதுகாப்புக் கருதி ஷேர்டு ஃபோல்டரில் கெஸ்ட் சிம்லிங்க் உருவாக்குவதை இயல்பாகவே தடுத்து வைத்திருக்கிறது. ‘நோ பின் லிங்க்ஸ்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் அந்தத் தடையைத் தாண்டலாம், ஆனால் மெதுவாக ஓடுவது தீராது. விண்டோஸில் நீங்கள் செய்யும் மாற்றம் உபுண்டுவின் ஐநோட்டிஃபைக்குத் தெரியாது என்பதால், கோப்பு மாறியதும் தானாக ரீலோட் ஆகும் சர்வர்களும் ஏமாற்றும். இன்ஜின்எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் விசித்திரமான அனுபவம் உண்டு: சிஎஸ்எஸ் கோப்பை மாற்றுவார்கள், பிரவுசரில் பழையதே வரும், அல்லது கோப்பின் வாலில் குப்பை எழுத்துகள் வரும். சென்ட்ஃபைல் வசதியை அணைத்தால்தான் அது தீரும். மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் தரவுக் கோப்புகளை அங்கே வைப்பது இதைவிட ஆபத்து. கோப்புப் பூட்டும், எழுதியது டிஸ்க்கில் இறங்கிவிட்டது என்ற உத்தரவாதமும் சரியாக இருந்தால்தான் அவை பிழைக்கும்.

ஆகவே புராஜெக்ட்டை உபுண்டுவின் ஹோம் அடைவுக்கு மாற்றுங்கள். விண்டோஸிலிருந்து எடிட் செய்ய விஎஸ் கோடின் ரிமோட் எஸ்எஸ்எச் நீட்சியே போதும். உபுண்டுவில் ஓப்பன் எஸ்எஸ்எச் சர்வரைப் போட்டு, விர்ச்சுவல்பாக்ஸின் நெட்வொர்க் செட்டிங்ஸில் 2222 போர்ட்டை உள்ளிருக்கும் 22-க்குத் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது. ஷேர்டு ஃபோல்டரை ஒரு ஜிப் கோப்பு, ஒரு பிடிஎஃப் என்று கொண்டுபோகக் கொண்டுவர மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ரீட் ஒன்லியாக. முழு சி டிரைவையும் பகிர்பவர்கள் இருக்கிறார்கள்; தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2008-இல் விஎம்வேரின் விண்டோஸ் பதிப்புகளில், ஷேர்டு ஃபோல்டர் வழியாகக் கெஸ்டிலிருந்து ஹோஸ்டின் மற்ற கோப்புகளையும் எட்டும் ஓட்டை ஒன்றை கோர் செக்யூரிட்டி நிறுவனத்தார் வெளிக்கொண்டுவந்தார்கள். ஷேர்டு ஃபோல்டர், விஎம்மின் சுவரில் நாமே போடும் கதவு. அது எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது.

கோப்புகள் கெட்டுப்போயிருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். ஷேர்டு ஃபோல்டரில் இருப்பவை விண்டோஸ் டிஸ்க்கில்தான் கிடக்கின்றன. விஎம் விழுந்த கணத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தவை மட்டும் அரைகுறையாக இருக்க வாய்ப்புண்டு. நோட் மாட்யூல்ஸ் அடைவைத் தயங்காமல் முழுக்க அழித்துவிட்டு, புதிய இடத்தில் மறுபடி நிறுவிக்கொள்ளுங்கள். புராஜெக்ட் கிட்டில் இருந்தால் கிட் எஃப்எஸ்சிகே கொடுங்கள், பிழை இருந்தால் சொல்லிவிடும். பூஜ்யம் பைட் அளவில் ஏதாவது கோப்பு நிற்கிறதா என்றும் பாருங்கள். உபுண்டுவின் சொந்த டிஸ்க்கில் உள்ள எக்ஸ்ட்4 கோப்பு முறைமை ஜர்னல் வைத்திருப்பதால் பூட் ஆகும்போதே பெரும்பாலும் தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும் விழுந்தால் லாக்ஸ் அடைவை அப்படியே ஜிப் செய்து, ஈவென்ட் வியூவர் பதிவின் படத்தோடு எனக்கு அனுப்புங்கள். விஎம்மை ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் பழைய லாக் ஒரு படி பின்னால் தள்ளப்படும். இயல்பில் முந்தைய மூன்று மட்டுமே மிஞ்சும். அதனால் விழுந்த உடனே, மறுபடி ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பிரதி எடுத்துவிடுங்கள்.