இரவில் வயலுக்குச் செல்ல ஏற்ற டார்ச் லைட்

விவசாயிக்கு இரவு முழுவதும் ஓய்வு நேரம் அல்ல. மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டாரைப் போட வேண்டும். முறைத் தண்ணீர் வரும்போது மடை திறக்க வேண்டும். கன்று ஈனும் மாட்டைக் கவனிக்க வேண்டும். விளைந்த பயிரைக் காட்டுப் பன்றியிடமிருந்து காக்க வேண்டும். இத்தனைக்கும் துணையாக இருப்பது கையில் உள்ள டார்ச் லைட்தான். ஆனால் மண்வெட்டி வாங்கும்போது பார்க்கும் பார்வையை டார்ச் லைட் வாங்கும்போது பலரும் பார்ப்பதில்லை. கடையில் பளிச்சென்று எரிகிறதா என்று பார்த்து வாங்கி வந்துவிடுகிறார்கள். கடையில் நன்றாக எரிவது வேறு, வரப்பில் விடியும்வரை உதவுவது வேறு.

இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை 20 ஆண்டுகளில் பாம்புக் கடியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர் என 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். தமிழ்நாட்டில் 2024-ல் பாம்புக் கடி, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. கட்டு விரியன் இரவில் நடமாடுவது. கண்ணாடி விரியன் சருகும் புல்லும் கிடக்கும் இடத்தில் அதே நிறத்தில் அசையாமல் கிடக்கும். பெரும்பாலும் கடி விழுவது காலில்தான். ஆகவே விவசாயி வாங்கும் டார்ச் லைட், அடுத்த அடி வைக்கும் இடத்தைத் தெளிவாகக் காட்ட வேண்டும். எவ்வளவு தூரம் அடிக்கிறது என்பது அதற்கு அடுத்ததே.

பழைய லைட்டும் புதிய லைட்டும்

முன்பு எல்லோர் வீட்டிலும் இரண்டு கட்டை, மூன்று கட்டை லைட்டுகள் இருந்தன. இரண்டு கட்டை லைட்டில் போடும் பல்பு 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் அளவுடையது. அது முக்கால் வாட் மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, அதில் பெரும்பகுதியை வெப்பமாகவே வீணாக்கியது. 1990-களில் நீல ஒளி தரும் எல்.இ.டி.யும், அதைக்கொண்டு வெள்ளை ஒளி எல்.இ.டி.யும் வந்தபின் நிலைமை மாறியது. நீல எல்.இ.டி.யை உருவாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கு 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஒரு நல்ல எல்.இ.டி. ஒரு வாட் மின்சாரத்தில் 100 லூமனுக்கு மேல் வெளிச்சம் தருகிறது. அதே ஒரு வாட்டுக்குப் பழைய டார்ச் பல்பு தந்தது ஏறக்குறைய 10 லூமன்தான். இதனால் கால் கிலோவுக்கு மேல் எடையுள்ள லைட் செய்த வேலையை, சட்டைப் பையில் அடங்கும் லைட் இன்று செய்கிறது. சிறியதாக இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பெரிய லைட்டை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுவோம். சிறிய லைட் எப்போதும் உடன் இருக்கும். ஆபத்து நேரத்தில் உதவுவது உடன் இருக்கும் லைட்தான்.

பெட்டியில் உள்ள எண்களின் பொருள்

லைட் வரும் அட்டைப் பெட்டியில் மூன்று எண்கள் இருக்கும். அவற்றைப் புரிந்துகொண்டால் ஏமாற வேண்டியதில்லை.

முதலாவது லூமன். லைட்டிலிருந்து வரும் மொத்த வெளிச்சத்தின் அளவு இது. வரப்பில் நடக்க 50 முதல் 150 லூமன் போதும். வயல் முழுவதையும் ஒரு முறை பார்க்க 500 லூமன் இருந்தால் நல்லது. சிறிய லைட்டுகளில் 1,000, 2,000 என்று போட்டிருந்தாலும் அந்த வெளிச்சம் சில நிமிடங்களே நிற்கும். எல்.இ.டி. சூடாவதால் லைட் தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். இது பழுது அல்ல. எல்.இ.டி. கெடாமல் இருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடே.

இரண்டாவது தூரம். பெட்டியில் 200 மீட்டர் என்று இருந்தால் அந்தத் தூரத்தில் பகல்போல் தெரியும் என்று எண்ணக் கூடாது. 2009-ல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டு, தரமான கம்பெனிகள் பின்பற்றும் அளவீட்டு முறைப்படி, முழு நிலவு வெளிச்சத்தின் அளவு, அதாவது கால் லக்ஸ், எவ்வளவு தூரத்தில் விழுகிறதோ அதையே எழுதுகிறார்கள். மேலும், தூரம் இரண்டு மடங்காக வேண்டுமானால் ஒளியின் கூர்மை நான்கு மடங்காக வேண்டும். அதற்காக வெளிச்சம் முழுவதையும் நடுவில் குவித்து விடுகிறார்கள். அப்படிப்பட்ட லைட்டை வரப்பில் அடித்தால் நடுவில் ஒரு சிறு வட்டம் கண்ணைக் கூசும், இருபக்கமும் இருட்டாக இருக்கும். விவசாயிக்கு வேண்டியது இரண்டு பக்கத்துப் புல்லும் தெரியும்படி பரவும் வெளிச்சம். முகப்பை முன்னும் பின்னும் இழுத்து வெளிச்சத்தைக் குவிக்கும் லைட்டுகளில் அந்த இழுக்கும் பகுதி வழியே தண்ணீர் புக வாய்ப்பு உண்டு.

மூன்றாவது நேரம். வெளிச்சம் தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள நேரத்தையே அதே முறைப்படி கணக்கிடுகிறார்கள். '100 மணி நேரம்' என்று பெரிதாக எழுதியிருந்தால் பெரும்பாலும் அது மிகக் குறைந்த வெளிச்சத்துக்கு உரியது. எந்த வெளிச்சத்துக்கு எத்தனை மணி என்று தனித்தனியே எழுதியிருக்கும் லைட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கட்டையின் கணக்கு

லைட்டின் உயிர் கட்டையில் இருக்கிறது. எத்தனை மணி எரியும் என்பதை விவசாயி தாமே கணக்கிடலாம். கட்டையின் வோல்ட்டை அதன் ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 100 லூமனுக்கு ஒரு வாட் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது.

சுவர்க் கடிகாரத்தில் போடும் சிறு கட்டை அளவில் சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் கட்டைகள் கிடைக்கின்றன. 1.2 வோல்ட், 2 ஆம்பியர்-மணி உள்ள ஒரு கட்டையில் இருப்பது 2.4 வாட்-மணி. அதில் 100 லூமன் வெளிச்சம் சுமார் 2 மணி நேரம் வரும். இரண்டு கட்டை போடும் லைட்டில் 4 மணி நேரம் வரும். 18650 எனப்படும் லித்தியம் கட்டை 18 மில்லி மீட்டர் விட்டமும் 65 மில்லி மீட்டர் நீளமும் கொண்டது. 3.6 வோல்ட், 2.6 ஆம்பியர்-மணி உள்ள கட்டையில் 9 வாட்-மணிக்கு மேல் உள்ளது. இழப்பு போக 8 மணி நேரம் எதிர்பார்க்கலாம். இரவு முழுவதும் நீர் பாய்ச்ச இதுவே ஏற்றது.

ஆனால் லித்தியம் கட்டை கிராமத்துக் கடையில் எளிதில் கிடைக்காது. கடிகாரக் கட்டை பெட்டிக் கடையிலும் கிடைக்கும். ஆகவே பெரிய வேலைக்கு லித்தியம் கட்டை லைட்டும், அவசரத்துக்கு மடியில் ஒரு கடிகாரக் கட்டை லைட்டும் வைத்துக்கொள்வது சிறந்தது. ஒரே விலை உயர்ந்த லைட்டைவிட நடுத்தர விலையில் இரண்டு லைட்டுகள் இருப்பது பாதுகாப்பானது.

லித்தியம் கட்டையின் மேல் 9,900 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால் அதை வாங்கக் கூடாது. 18650 அளவில் அவ்வளவு கொள்ளளவு இல்லை. சாதாரணமாகக் கிடைப்பது 2,000 முதல் 3,500 வரைதான்.

வீட்டு மின்சாரத்தில் நேராகச் செருகி சார்ஜ் செய்யும் மலிவான லைட்டுகள் பலவற்றில் 4 வோல்ட் ஈய-அமில பேட்டரி உள்ளது. இதை முழுவதும் தீர்ந்த நிலையில் நாள்கணக்கில் விட்டால் தகடுகளில் உப்புப் படிந்து கெட்டுவிடும். பயன்படுத்திய மறுநாளே சார்ஜ் செய்ய வேண்டும். பேட்டரியை மாற்ற முடியாதபடி மூடப்பட்ட லைட்டில், பேட்டரி போனால் லைட்டும் போயிற்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தண்ணீரும் சேறும்

வயலில் லைட் கைதவறி வாய்க்காலில் விழுவது சகஜம். பெட்டியில் ஐ.பி. என்ற எழுத்துக்குப் பின் உள்ள கடைசி எண் தண்ணீர்த் தடுப்பைக் குறிக்கும். 4 என்றால் தெறிக்கும் தண்ணீரை மட்டும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும். விவசாயிக்கு 7 இருப்பதே நல்லது. மூடியின் மரையில் உள்ள ரப்பர் வளையம்தான் தண்ணீரைத் தடுக்கிறது. அதில் மண் ஒட்டாமல் துடைத்து, ஆண்டுக்கு இரண்டு முறை சிறிது சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும். சார்ஜ் செய்யும் துளையின் ரப்பர் மூடி சரியாக அழுத்தியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சுவிட்சும் நிறமும்

சுவிட்சு ஈரக் கையாலும் சேறு பட்ட கையாலும் அழுத்தும்படி பெரிதாக இருக்க வேண்டும். முதல் அழுத்தலிலேயே நடக்கப் போதுமான வெளிச்சம் வருவது நல்லது. மினுக்கும் வெளிச்சம், ஆபத்து சைகை என்று ஒவ்வொன்றாகத் தாண்டிய பிறகே சாதாரண வெளிச்சம் வரும் லைட் வயலுக்கு உதவாது. மடியில் தானே அழுந்தி எரியத் தொடங்கினால் கட்டை தீரும், லைட் சூடேறி உடலைச் சுடவும் கூடும். பின் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைத்தால் பல லைட்டுகளில் இது நேராது.

நீலம் பாய்ந்த வெளிச்சத்தைவிடச் சற்று மஞ்சள் கலந்த வெளிச்சம் வயலுக்கு ஏற்றது. நிறங்களைச் சரியாகக் காட்டும் திறனுக்கு 100 வரை எண் கொடுக்கிறார்கள். சாதாரண எல்.இ.டி.க்கு 70 அளவே இருக்கும். 90-க்கு மேல் உள்ளதில் சருகின் பழுப்பும் விரியனின் பழுப்பும் வேறுபட்டுத் தெரிய வாய்ப்பு அதிகம். இலையில் உள்ள நோய்ப் புள்ளியையும் தெளிவாகப் பார்க்கலாம்.

தலையில் கட்டும் லைட்

மண்வெட்டி பிடித்து மடை திருப்பும்போது இரு கைகளும் வேண்டும். அதற்குத் தலையில் கட்டும் லைட் வசதியானது. ஆனால் அதில் ஒரு குறை உண்டு. வெளிச்சம் கண்ணுக்கு அருகிலிருந்தே போவதால் பொருள்களின் நிழல் கண்ணுக்குத் தெரியாது. மேடு பள்ளம் எல்லாம் சமமாகத் தோன்றும். இடுப்பு உயரத்தில் லைட்டைப் பிடித்து இரண்டு மூன்று மீட்டர் முன்னால் சாய்வாக அடித்தால் சிறு குச்சிக்கும் நிழல் விழும். பாம்பு கிடந்தால் அதன் நிழலே காட்டிக் கொடுக்கும். ஆகவே நடக்கும்போது கையில், வேலை செய்யும்போது தலையில் என்று வைத்துக்கொள்ளலாம்.

வாங்கியதும் சோதிக்கும் முறை

கடை வெளிச்சத்தில் லைட்டை எடை போட முடியாது. இரண்டு லைட்டுகளை ஒப்பிட வேண்டுமானால் இருட்டில் வெள்ளைச் சுவரின் மேல் ஒரே தூரத்திலிருந்து அடித்துப் பார்க்க வேண்டும். நடு வட்டமும் அதைச் சுற்றியுள்ள வெளிச்சமும் படிப்படியாகக் கலந்தால் நல்லது. பிறகு கட்டையை முழுவதும் சார்ஜ் செய்து, நடுத்தர வெளிச்சத்தில் எரியவிட்டு, எத்தனை மணிக்கு மங்குகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். சில லைட்டுகள் மெல்ல மெல்ல மங்கும். சில கடைசிவரை ஒரே அளவில் எரிந்து திடீரென்று அணையும். தம்முடைய லைட் எந்த வகை என்பது முன்பே தெரிந்தால் நடு வயலில் திகைக்க வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியவை

பழைய கட்டையையும் புதிய கட்டையையும் சேர்த்துப் போடக் கூடாது. நெடுநாள் பயன்படுத்தாவிட்டால் சாதாரணக் கட்டைகளை வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லையேல் அவை கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். லித்தியம் கட்டையைச் சாவி, சில்லறைக் காசு இவற்றோடு பையில் போடக் கூடாது. இரு முனைகளும் உலோகத்தால் இணைந்தால் தீப்பிடிக்கும். வெயிலில் நிற்கும் டிராக்டரின் பெட்டிக்குள்ளும் வைக்கக் கூடாது.

வெளிச்சம் பாம்பை விரட்டாது. இருக்கும் இடத்தைக் காட்டும், அவ்வளவே. எனவே கையில் கோலும் காலில் பூட்சும் இருக்க வேண்டும். மோட்டார்க் கொட்டகையில் ஸ்டார்ட்டரைத் தொடும் முன்பும், வைக்கோலில் கை வைக்கும் முன்பும், எலி வளை உள்ள வரப்பைத் தாண்டும் முன்பும் ஒரு நொடி நின்று லைட் அடித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். தவறிக் கடித்துவிட்டால் கீறவோ, உறிஞ்சவோ, இறுகக் கட்டவோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும்.

சுருங்கச் சொன்னால், பரவும் வெளிச்சம், 100 லூமனில் 8 மணி நேரம், தண்ணீர்த் தடுப்பு 7, மாற்றக்கூடிய கட்டை ஆகிய நான்கும் உள்ள லைட்டே விவசாயிக்கு ஏற்ற லைட். வீட்டில் இரவு வேலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி லைட் இருக்க வேண்டும். தண்ணீர் கட்டப் போகும் பெண்களுக்கும் கூலியாட்களுக்கும் இது பொருந்தும். ஒரு லைட்டின் பின்னால் இரண்டு பேர் நடந்தால், பின்னால் வருபவரின் கால் இருட்டில்தான் படும்.