அடைப்பும் வேண்டாம், அபராதமும் வேண்டாம்!

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் உடனே பதறுகிறோம். போகிற தண்ணீரைப் பற்றி நினைப்பதோ அடைப்பு வந்த பிறகுதான். பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள சென்னை வீடுகளுக்கும், இன்னும் செப்டிக் டேங்க்கை நம்பியிருக்கும் புறநகர் வீடுகளுக்கும் உதவும் குறிப்புகள் இவை. குடிநீர் வாரியமும் மாநகராட்சியும் போட்டிருக்கும் விதிகள் பலவும், பார்க்கப்போனால், நம் பர்ஸைக் காப்பாற்றுகிற விதிகள்தான். வெளியூர்க்காரர்கள் உங்கள் ஊர்ப் புகார் எண்களை மட்டும் நகராட்சியில் கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும்.

1. பொரித்து மிஞ்சிய எண்ணெயை சிங்க்கில் ஊற்றவே வேண்டாம். சூடாக இருக்கும்போது தண்ணீராய் ஓடும். உள்ளே போய் ஆறியதும் குழாயின் சுவரில் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் சோற்றுப் பருக்கையும் தேங்காய்த் துருவலும் ஒட்டி ஒட்டிக் கெட்டியாகிவிடும். காலி பாட்டிலில் வடித்துச் சேர்த்து வைத்தால் பயன்படுத்திய எண்ணெயை வாங்குபவர்களிடம் கொடுக்கலாம். வெந்நீர் அடுப்பு இருக்கும் வீட்டில் பழைய காகிதத்தை அந்த எண்ணெயில் நனைத்துப் பற்றவைக்கலாம்.

2. எண்ணெய்ப் பிசுக்குள்ள வாணலி, தோசைக்கல், ஊறுகாய்க் கிண்ணம் எல்லாவற்றையும் பழைய செய்தித்தாளால் ஒரு துடை துடைத்துவிட்டுத் தேய்க்கப் போடுங்கள். சோப்பு பாதிதான் செலவாகும், சிங்க்கும் நாறாது.

3. "கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் பிசுக்கு போய்விடும்" என்று சொல்வார்கள். போவதில்லை, நம் குழாயிலிருந்து இளகி, கொஞ்ச தூரம் தள்ளிப் போய் மறுபடி உறையும். அதோடு இப்போதைய வீடுகளில் இருப்பது பிவிசி குழாய். கொதிநீரையும் வடித்த கஞ்சியையும் அப்படியே கொட்டிக்கொண்டே இருந்தால் குழாய் நெளிந்து மூட்டுகள் விட்டுவிடும். ஆறவைத்து ஊற்றுங்கள்.

4. சிங்க் வாயில் ஒரு எவர்சில்வர் சல்லடை கட்டாயம் இருக்கட்டும். பாத்திரக் கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பிளம்பர் ஒருமுறை வந்துபோகும் கூலியில் பல சல்லடை வாங்கிவிடலாம். அதில் நிற்கும் டீத்தூள், காப்பித்தூள் சக்கையை ரோஜாத் தொட்டியில் போடுங்கள். மீன் செதிலைக் காகிதத்தில் மடித்துக் குப்பைக்குக் கொடுங்கள்.

5. கிரைண்டர் கழுவிய முதல் தண்ணீர், மாவுப் பாத்திரம் அலசிய தண்ணீர் இரண்டையும் செடிக்கு ஊற்றிவிடுங்கள். மாவு குழாய்க்குள் பசைபோல் படியும். அடைப்பு எடுக்க வருபவர்கள் எண்ணெய்க்கு அடுத்து திட்டுவது இதைத்தான்.

6. சாம்பல், செங்கல்பொடி போட்டுப் பித்தளை விளக்குகிறவர்கள் அதை சிங்க்கில் செய்யாமல், கொல்லைப்புறத்தில் மண் தரையாகப் பார்த்து உட்கார்ந்து செய்யலாம். மணலும் பொடியும் தண்ணீரோடு ஓடாது, கழிவுநீர் சேம்பரின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

7. தலைவாரும்போது உதிர்ந்த முடியைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போடும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். குளியலறை ஜாலிக்கு மேல் துண்டு கொசுவலையை விரித்து வைத்தால் குளிக்கும்போது உதிரும் முடியும் அதிலேயே தங்கிவிடும்.

8. வாஷிங் மெஷினிலிருந்து வெளியேறும் குழாயின் முனையில் பழைய நைலான் சாக்ஸ் ஒன்றை ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். துணியிலிருந்து வரும் பஞ்சு அத்தனையும் அதில் சேரும். நாலைந்து தடவை துவைத்ததும் கழற்றி உதறிக் கட்டினால் போதும்.

9. அதிகம் புழங்காத பாத்ரூமில் சாக்கடை நாற்றம் அடித்தால் ஃபினாயிலைத் தூக்காதீர்கள். தரையிலுள்ள நானி ட்ராப்பில் நிற்கவேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். அந்தத் தண்ணீர்தான் நாற்றத்தையும் கரப்பானையும் மேலே வரவிடாமல் தடுக்கிறது. வாரம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள், செலவே இல்லை.

10. நாப்கின், டயப்பர், ஈரத்துடைப்பான் மூன்றும் கழிப்பறைக்குள் போகவே கூடாது. நாப்கின் தண்ணீரைக் குடித்து உப்புவதற்கென்றே செய்யப்பட்டது; குழாய்க்குள் போனாலும் அதைத்தான் செய்யும். ஈரத்துடைப்பான் பாக்கெட்டில் 'ஃப்ளஷ் செய்யலாம்' என்று போட்டிருந்தாலும் நம்பவேண்டாம், காகிதம்போல் கரையாது. 2016-ன் திடக்கழிவு விதிகளே இவற்றைத் தனியாகச் சுற்றிக் கொடுக்கச் சொல்லிவிட்டன. பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுத்தால் குப்பை பிரிக்கிறவர் கையால் தொட்டுப் பார்க்கவேண்டி வராது.

11. காது குடையும் பஞ்சு, ஷாம்பு சாஷே, சிகரெட் துண்டு இதற்கெல்லாம் கழிப்பறைப் பக்கத்திலேயே மூடியுள்ள சின்னக் கூடை ஒன்று வையுங்கள். ஒரு பஞ்சைத் தள்ள ஆறு லிட்டர் தண்ணீரை இறக்குவது நம் ஊருக்குக் கட்டுப்படியாகிற காரியமில்லை.

12. தேதி முடிந்த மாத்திரை, இருமல் மருந்து, சொட்டு மருந்து எதையும் சிங்க்கில் கொட்டாதீர்கள். பெயின்ட் பிரஷ் கழுவிய தின்னரும் அப்படித்தான். இவற்றைத் தனிப் பையில் கட்டி, அபாயக் குப்பை என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள்.

13. இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். கழிப்பறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே இடத்தில் சேர்த்துப் போடவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சின்ன பாத்ரூமில் அது மூச்சையே அடைத்துவிடும். வீட்டுவேலைக்கு வரும் அம்மாவிடமும் சொல்லி வையுங்கள். இரண்டையும் வேறு வேறு அலமாரியில் வைப்பது இன்னும் நல்லது.

14. போர் தண்ணீரின் உப்புக் கறைக்கு ஆசிட் தேவையில்லை. எலுமிச்சை உப்பு இரண்டு ஸ்பூன் தூவி, இரவு முழுக்க ஊறவிட்டுக் காலையில் தேய்த்தால் பீங்கான் பளிச்சென்றாகும். ஆலைகளே பொதுச் சாக்கடையில் விடும் நீரின் பிஹெச் அளவு 5.5-லிருந்து 9-க்குள் இருக்கவேண்டும் என்று சட்டம் இருக்கும்போது, நாம் பாட்டில் பாட்டிலாக ஆசிட் ஊற்றலாமா?

15. மொட்டைமாடி மழைநீர்க் குழாயைக் கழிவுநீர் சேம்பரில் இணைத்திருந்தால் ஐப்பசிக்கு முன்னால் பிரித்துவிடுங்கள். தெருவிலுள்ள சாக்கடைக் குழாய் வீடுகளின் புழக்கத் தண்ணீருக்கு மட்டுமே கணக்குப் போட்டுப் பதித்தது. ஒரு பெருமழையில் எல்லா மாடித் தண்ணீரும் அதில் இறங்கினால் மேன்ஹோல் பொங்கும், அடுத்து தரைத்தள வீட்டு பாத்ரூம் பொங்கும். அந்த மழைநீரை சேகரிப்புத் தொட்டிக்குத் திருப்பினால் கிணறும் போரும் நிறையும். 2003-லிருந்தே தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்தானே.

16. இதன் மறுபக்கமும் உண்டு. "பக்கத்திலேயே கால்வாய் போகுது சார், கழிவுநீரை அதுல விட்டுடலாம், செலவு கம்மி" என்று ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள். சாலை ஓரமாகப் போகும் கான்கிரீட் கால்வாய் மாநகராட்சியின் மழைநீர் வடிகால். சாலைக்கு அடியில், வட்ட மூடியோடு இருப்பது குடிநீர் வாரியத்தின் கழிவுநீர்ப் பாதை. வடிகாலில் விட்ட கழிவு எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்ஹாம் கால்வாய்க்கோ நேராகப் போய்விடும். பிடிபட்டால் இணைப்பை அடைத்து அபராதமும் போடுவார்கள். குழாய் போட்ட காசும் வீண்.

17. தெருவில் மழைத்தண்ணீர் நின்றால் மேன்ஹோல் மூடியைக் கம்பியால் நெம்பித் திறந்துவிடும் பழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் திறந்து கிடக்கும் குழி யார் கண்ணுக்கும் தெரியாது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிற பாதை அது. தேங்கிய நீருக்கு மாநகராட்சியின் 1913-ஐ அழையுங்கள்.

18. தாழ்வான தெருவில் தரைத்தளத்தில் இருப்பவர்கள் கடைசி சேம்பருக்கு முன்னால் திரும்பாத வால்வு ஒன்று போட்டுவிடுவது உத்தமம். வெளியே போகும் தண்ணீரை விடும், வெளியிலிருந்து வருவதை விடாது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் திறந்து கழுவிவிட்டால் பல வருடம் உழைக்கும்.

19. அடைப்பு எடுக்கக் காசு கொடுப்பதற்கு முன் காம்பவுண்டுக்குள் இருக்கும் கடைசி சேம்பரைத் திறந்து பாருங்கள். சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு நம் வீட்டுக் குழாயில், பிளம்பரைக் கூப்பிடலாம். நிரம்பி நின்றால் அடைப்பு வெளியே இருக்கிறது. அங்கே பிளம்பருக்கு வேலையில்லை, வாரியத்தில் புகார் கொடுங்கள். இந்த ஒரு பார்வையில் மிச்சமாகும் பணம் கொஞ்சநஞ்சமல்ல.

20. குடிநீர் வாரியப் புகாருக்கு 1916, அல்லது 044-45674567. தெருப் பெயரோடு பக்கத்துக் கடையையோ கோயிலையோ அடையாளம் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு காலண்டரில் அன்றைய தேதியிலேயே குறித்துவிடுங்கள். மறுபடி பேசும்போது அந்த எண்ணைச் சொன்னால் வேலை வேகமாக நடக்கும்.

21. சேம்பர் ஓரத்தில் முளைக்கும் அரசு, ஆல் கன்றுகளை விரல் நீளம் இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். ஈரத்தைத் தேடிப் போகும் வேர் குழாய் மூட்டின் மயிரிழை வெடிப்பிலும் நுழையும்.

22. இடம் உள்ளவர்கள் குளித்த தண்ணீரை மட்டும் தனிக் குழாயில் பிரித்துக் கல்வாழைப் பாத்திக்கு விடலாம். சோப்புத் தண்ணீரைக் கல்வாழை நன்றாகத் தாங்கும், பூவும் கிடைக்கும். அடுப்படித் தண்ணீரில் எண்ணெய் இருக்கும் என்பதால் அதை இதில் சேர்க்கவேண்டாம்.

23. ஃப்ளஷ் டேங்க் கசிகிறதா என்று பார்க்க, இரவு படுக்கும் முன் டேங்க்கில் ஒரு சிட்டிகை கேசரி பவுடர் போட்டுவிடுங்கள். காலையில் யாரும் ஃப்ளஷ் செய்யாமலே பீங்கானில் நிறம் தெரிந்தால் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் நீரை வாளியில் பிடித்து வைத்தால் கழிப்பறைக்கே ஊற்றலாம்.

24. வீட்டிலேயே மெஸ், கேட்டரிங், பலகாரக் கடை நடத்துகிறவர்கள் சிங்க்குக்கும் சேம்பருக்கும் நடுவில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி கட்டுங்கள். தொழிற்கூடங்கள் பொதுச் சாக்கடையில் விடும் நீரில் எண்ணெயும் கொழுப்பும் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. வாரம் ஒருமுறை மேலே மிதக்கும் ஆடையை வழித்தெடுத்தால் அடைப்பும் வராது, நோட்டீஸும் வராது.

25. தெருவில் பாதாளச் சாக்கடை வந்துவிட்டதா? தள்ளிப்போடாமல் இணைப்பு வாங்கிவிடுங்கள். மொத்தமாகப் பணம் புரட்ட முடியாதவர்களுக்குத் தவணை வசதியுள்ள 'இல்லந்தோறும் இணைப்பு' திட்டத்தைப் பற்றிப் பகுதி அலுவலகத்தில் கேளுங்கள். இணைப்பு கிடைத்ததும் பழைய செப்டிக் டேங்க்கைக் காலிசெய்து மண் போட்டு நிரப்புங்கள். வெறுமையாக விட்டால் ஒருநாள் மேல்தளம் உள்வாங்கும். நாம் அனுப்பும் கழிவுநீர் வீண் போவதில்லை: கொடுங்கையூர், கோயம்பேடு நிலையங்களில் அதைச் சுத்திகரித்து ஆலைகளுக்குக் கொடுக்கிறார்கள், அந்த அளவுக்கு ஏரித் தண்ணீர் நம் குடத்துக்கு மிச்சம்.

26. செப்டிக் டேங்க்கின் காற்றுப்போக்கிக் குழாய் வாயில் நைலான் கொசுவலையைக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். தெருவில் சுற்றும் கொசு அதற்குள்ளும் வளர்கிறது.

27. செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் பிளீச்சிங் பவுடர், ஆசிட், ஃபினாயிலைத் தாராளமாகப் புழங்கினால் உள்ளே கழிவை அரிக்கும் கிருமிகள் செத்துப்போய் டேங்க் சீக்கிரம் நிறையும். புது டேங்க் என்றால் தண்ணீரை நிரப்பி, மக்கிய சாணத்தைக் கொஞ்சம் கரைத்து விட்டுத் தொடங்குங்கள். வேறு 'மருந்து' பாக்கெட்டுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

28. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை டேங்க்கைக் காலிசெய்துவிடுங்கள். பொங்கும்வரை காத்திருந்தால் கசடு வெளியேறி மண்ணை அடைத்துவிடும். லாரிக்காரரிடம் உரிமம் பார்த்து, எங்கே கொட்டுவார் என்றும் கேளுங்கள். கண்ட இடத்தில் கொட்டும் லாரிக்கு முதல்முறை 25,000 ரூபாய், அடுத்தமுறை 50,000 ரூபாய் அபராதம் என்று 2022-ல் சட்டம் திருத்தப்பட்டது. அடியில் கொஞ்சம் கசடை விட்டுவைக்கச் சொல்லுங்கள், அதுதான் அடுத்த சுற்றுக்கு உறைமோர்.

29. எவ்வளவு அவசரமானாலும், எவ்வளவு குறைந்த கூலிக்கு ஒருவர் முன்வந்தாலும், செப்டிக் டேங்க்குக்குள்ளோ மேன்ஹோலுக்குள்ளோ ஆளை இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் விஷவாயு ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்குபவரும் சேர்ந்தே போகிறார். 2013-ன் சட்டப்படி, இறக்கிவிட்ட வீட்டுக்காரருக்கே முதல்முறை 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லாரி, இயந்திரம் வைத்து எடுக்க 14420 என்ற எண் இருக்கிறது. இன்றைக்கே எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.