கோவிவன்

கம்பம் பள்ளத்தாக்கில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் கோம்பை என்னும் ஊர் உளது. செந்நிற உடலும் கருநிற முகமும் வாய்ந்த காவல் நாயினம் ஒன்று அவ்வூரின் பெயராலேயே வழங்குகின்றது. அத்தகைய நாயொன்றை 'ராஜா' என்று அழைப்பின் வியப்பார் இலர். ஆயினும், வேந்தர்க்குரிய பெயரை நாய்க்கு இடுதல் தகுமோ என வினவுவாரும் உளர்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் நடுகல் ஒன்று உண்டு. அது முதலாம் மகேந்திரவர்மனது 34ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாட்டப்பெற்றது. கருந்தேவகத்தி என்னும் வீரன் தன் எருமைகளைக் காக்கும் பொருட்டுப் போரிட்டு மடிந்தான். அவனுருவின் அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்நாயின் பெயர் கோவிவன்.

'கோ' என்பது அரசனைக் குறிக்கும் சொல். பெயரைப் பிரித்துக் காணின் 'கோ இவன்' என்றாகும். அஃறிணை உயிர்க்கு 'இவன்' என்னும் உயர்திணைச் சொல் வந்தமையும் நோக்கத்தக்கது. அக்கல்வெட்டில் பல்லவ மன்னனது பெயரும் 'கோ' என்றே தொடங்குகின்றது. நாய்க்கு அச்சொல்லை இடுதல் மன்னனுக்கு இழுக்கென்று அக்காலத்தார் கருதியிருப்பின், இரண்டனையும் ஒரே கல்லில் பொறித்திரார்.