திட்டப்பணியில் ஒப்பந்தத் தொழிலாளர் – ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு பெரும்பணியை முடிக்கப் பலர் கூடுமிடத்தில், அனைவரும் ஒரே நிறுவனத்தின் பணியாளராக இருத்தல் இன்று அரிது. ஆலையின் பராமரிப்பாயினும், பாலத்தின் கட்டுமானமாயினும், மென்பொருள் ஆக்கமாயினும், நிலையான பணியாளரும் ஒப்பந்தக்காரர் வழி வந்தோரும் அருகருகே நின்று உழைக்கின்றனர். பணி ஒன்று, ஊதியப் பட்டியல் இரண்டு. இந்நிலையில் எழும் கடமைகள் யாவை என்பதைச் சட்டம், பட்டறிவு ஆகிய இரண்டின் துணைகொண்டு ஈண்டுக் காண்போம்.

சட்டம் வகுத்த நெறி

இந்தியாவில் 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் (ஒழுங்குமுறை மற்றும் ஒழிப்பு) சட்டம் இயற்றப்பட்டது. இருபது பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் ஒப்பந்தமுறையில் பணிபுரியும் நிறுவனங்களை அது கட்டுப்படுத்தியது. ஒப்பந்தக்காரர் கூலி தரத் தவறின், முதன்மை வேலையளிப்பவரே அதனை வழங்கிப் பின்னர் அவரிடமிருந்து மீட்டுக்கொள்ள வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. நிலையான பணியாளர் செய்யும் அதே வேலையைச் செய்வோர்க்கு அதே கூலி என 1971ஆம் ஆண்டின் மைய அரசு விதிகள் உரைத்தன.

ஒப்பந்தமுறை ஒழிக்கப்பட்ட பணியில் இருந்தோர் தாமாகவே நிலையான பணியாளராவர் என 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001இல் அரசியலமைப்பு அமர்வு அதனை மாற்றியது; ஒப்பந்தம் வெறும் போலியாயின் மட்டுமே அவர்கள் முதன்மை வேலையளிப்பவரின் பணியாளராகக் கொள்ளப்படுவர் என்றது. 2020இல் நிறைவேறிய பணிப்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. அது இருபது என்னும் எண்ணிக்கையை ஐம்பதாக உயர்த்தியது. நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தமுறையைச் சில விலக்குகளுடன் தடுத்தது.

ஒரு துயர நிகழ்ச்சி

சட்டத்திற்கு அப்பால் ஒரு பாடத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி நகரில், பி.பி. நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் 23 அன்று வெடிவிபத்து நேர்ந்தது. பராமரிப்பிற்குப் பின் ஒரு பிரிவை மீண்டும் இயக்கியபோது, கோபுரம் அளவிற்கு மேல் நிரம்பி எரிபொருள் வெளியேறித் தீப்பற்றியது. பதினைவர் மாண்டனர், ஏறத்தாழ 180 பேர் காயமுற்றனர். மாண்ட பதினைவரும் ஒப்பந்தப் பணியாளரே! வேறொரு பிரிவின் பராமரிப்பிற்காக வந்த அவர்களின் தற்காலிக அறைகள், இயக்கப்பட்ட பிரிவிற்கு அருகில் நிறுத்தப்பட்டிருந்தன. இயக்கம் தொடங்கிய செய்தி அவ்வறைகளில் இருந்தோர்க்கு அறிவிக்கப்படவில்லை என்பது பின்னர் நடந்த விசாரணையில் தெரியவந்தது. அறியும் உரிமை ஒரு பிரிவினரோடு நின்றுவிடின் விளைவது யாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சிக்கலும் தீர்வும்

மேற்பார்வை யாருடையது என்பது, ஒப்பந்தம் மெய்யோ போலியோ எனத் துணிதற்குரிய அளவுகோல்களுள் ஒன்று. இதனால் நிறுவன மேலாளர் பலர் ஒப்பந்தப் பணியாளரிடம் நேரே பேசவும் தயங்குகின்றனர். சட்டம் காப்பதற்கென வகுத்த கோடே இங்ஙனம் பிரிக்கும் சுவராகிவிடுகிறது. ஆயின் ஆபத்தை அறிவித்தல் வேறு. வேலையை ஏவுதல் வேறு. இவ்வேறுபாட்டை உணரின் அச்சத்திற்கு இடமில்லை.

ஆகவே திட்டத் தலைவர் கைக்கொள்ள வேண்டியனவாக மூன்றினைக் கூறலாம். முதலாவது, எவ்வேலை எவரது பொறுப்பு என்பதைப் பணி தொடங்குமுன் எழுத்தில் வரையறுத்தல். இரண்டாவது, பாதுகாப்புக் கூட்டத்திலும் எச்சரிக்கை அறிவிப்பிலும் வேறுபாடின்றி அனைவரையும் சேர்த்தல். மூன்றாவது, கூலி உரிய நாளில் உழைத்தவர் கையை அடைந்ததா என உறுதி செய்தல். பணி முடிந்து அவர்கள் செல்லும்போது அவர்கள் பெற்ற பட்டறிவும் உடன் செல்கிறது. அதனைக் குறிப்பேட்டில் பதிந்துகொள்வது நிறுவனத்திற்கே நலம் பயக்கும்.

முடிவுரை

செலவைக் குறைக்க ஒப்பந்தம் உதவலாம். பொறுப்பைக் குறைக்க அது உதவாது. இன்று பயிலும் மாணவருள் சிலர் நாளை ஒப்பந்தப் பணியாளராகலாம். சிலர் அவர்களை அமர்த்தும் மேலாளராகலாம். எப்பக்கம் நிற்பினும், ஒரே கூரையின்கீழ் உழைப்போரின் உயிர்க்கு விலை இரண்டு இல்லை என்பதை நாம் நெஞ்சில் நிறுத்துவோமாக.