முதுமைக்கு எத்தனை பரப்பு?



கொள்ளுப்பிட்டியிலுள்ள எமது அலுவலகத்துக்கு வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வரும் பெரியவர்கள் அண்மைக்காலமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "ஊர்ப்பக்கம் ஒரு காணி வாங்கிக் கடைசிக் காலத்தை அங்கை கழிக்க யோசிக்கிறம், சுவாமி. எவ்வளவு வாங்கலாம்?" கேட்பவர்களுள் பெரும்பாலானோர் கமக்காரக் குடும்பத்தினர். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்களும், 1995 ஒக்டோபர் 30 இரவு மழையில் நடந்தவர்களும், 2009இல் வன்னியில் எல்லாவற்றையும் இழந்தவர்களும் அவர்களுள் உண்டு. கொழும்பில் இரண்டு அறை வீட்டில் வாடகை கொடுத்துக் கொடுத்து மூப்படைந்தவர்கள். ஆதலால் இம்முறை பாடத்தில் இக்கேள்வியையே எடுத்துக்கொள்கிறோம்.

சென்ற ஆண்டு ஒரு தம்பதியினர் வந்தார்கள். அவருக்கு வயது அறுபத்து மூன்று. ஊரில் பதினெட்டுப் பரப்புச் செம்மண் தோட்டம் செய்தவர். அந்தக் காணி இன்னமும் விடுவிக்கப்படவில்லை. கனடாவிலுள்ள மகன் பணம் அனுப்பி, வன்னியில் பத்து ஏக்கர் மலிவாக வருகிறது, வாங்கிப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். நாம் கணக்குப் பார்த்து, எட்டுப் பரப்புக்கு மேல் வேண்டியதில்லை என்றோம். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பதினெட்டுப் பரப்பைத் தனிய இறைச்சவன் நான். என்னைப் போய் எட்டுப் பரப்போடை நில் எண்டுறியள்." அதுவரை பேசாதிருந்த அவருடைய மனைவி அப்போதுதான் வாய் திறந்தார். "பத்து ஏக்கருக்குள்ளை இருந்து ஆசுப்பத்திரிக்கு எவ்வளவு தூரமாம்?"

அவருடைய கோபம் எமக்கு விளங்காமலில்லை. பறிபோன காணியின் அளவுக்கு ஒரு காணியைத் திரும்ப வாங்கினால்தான் மனம் ஆறும் என்று இருக்கிறது. ஆனால் பதினெட்டுப் பரப்பை இறைத்தபோது அவருக்கு வயது இருபத்தெட்டு. வாங்கப்போவது எழுபத்தைந்து வயது மனிதருக்கான காணி. இரண்டையும் ஒரே கணக்கில் போட முடியாது.

இன்னொரு பிழையான அளவுகோலும் எம்மிடையே உண்டு. எங்கள் பாட்டன்மார் காலத்தில் மலாயாவில் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்தவர்களும் கொழும்பில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களும் ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பினார்கள். பெரிய வளவு, கல்வீடு, மாமரம், பால்மாடு. அதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு ஓய்வுகாலம் என்றாலே பெரிய வளவுதான் கண்ணில் நிற்கிறது. அவர்களுக்கு மாதாமாதம் பென்சன் வந்தது என்பதை மறந்துவிடுகிறோம். அந்த வளவு அவர்களுக்குச் சோறு போடவில்லை. நிழலும் மதிப்புமே தந்தது. கமக்காரருக்கு அப்படியொரு பென்சன் இல்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த கமக்காரர் ஓய்வூதியம் இருக்கிறது. பதிந்தவர்கள் அதை விட்டுவிடக் கூடாது, ஆனால் அது மருந்துச் செலவுக்கே காணாது. ஆகவே எங்கள் காணி நிழலும் தரவேண்டும், கறிக்கும் தரவேண்டும், அதேவேளை எங்களைத் தின்றுவிடவும் கூடாது.

கொப்பியில் எழுதிப் பார்க்க வேண்டிய கணக்கு

முதலில் அளவை. ஒரு ஏக்கர் 160 பேர்ச். 10 பேர்ச் ஒரு பரப்பு. ஆக, ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. பரப்புக்குப் பதினெட்டுக் குழி. ஒரு பரப்பு என்பது 2,722 சதுர அடி. சிறிய வீடும் முற்றமும் குசினியும் ஏறத்தாழ ஒரு பரப்பை எடுத்துவிடும்.

குடியிருப்புக்கு எத்தனை பரப்பு வேண்டும் என்பதை முடிவுசெய்வது வீடு அன்று, கிணறும் மலசலகூடமும்தான். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கற் பூமி. மேலே விடுவதெல்லாம் கல்வெடிப்புகளால் கீழே இறங்கும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் ஐம்பது அடி என்பது பொதுவான கணக்கு. இந்தப் பூமியில் நூறு அடி விடுவது நல்லது என்பது எமது எண்ணம். அயலவருடைய குழியையும் சேர்த்துப் பாருங்கள். ஐம்பது அடி முகப்புள்ள இரண்டு பரப்புத் துண்டின் நீளம் நூற்றொன்பது அடிதான். அதற்குள் வீட்டையும் வைத்து இந்தத் தூரத்தை எப்படிக் காப்பது? நாலு பரப்பென்றால் ஏறத்தாழ நூறுக்கு நூற்றொன்பது அடி, மூச்சு விடலாம். எனவே குடியிருப்புக்கு நாலு பரப்பு என்பதை நாம் அடியளவாக வைத்திருக்கிறோம். வசதி குறைந்தவர்கள் மூன்றோடு சமாளிக்கலாம். இரண்டு வேண்டாம்.

அந்த நாலு பரப்புக்குள்ளேயே தென்னை வந்துவிடும். தென்னை ஏக்கருக்கு 64 மரம் என்பது வழக்கமான நடுகை. அதன்படி பரப்புக்கு நாலு மரம். இருவர் உள்ள வீட்டுக்கு வருடத்துக்கு இருநூறு, இருநூற்றைம்பது தேங்காய் போதும். ஆறு மரம் நன்றாகக் காய்த்தால் அது கிடைக்கும். வேலியோரமாகவும் கிணற்றடியிலும் பத்து மரம் வைத்தால் விற்கவும் மிஞ்சும். ஆனால் நெட்டைத் தென்னை பாளை விட ஆறேழு வருடம் செல்லும். அறுபத்தைந்தில் நட்டவர் எழுபத்திரண்டில்தான் தேங்காய் பிடுங்குவார். ஆதலால் வெறுங்காணியை விட, ஏற்கெனவே காய்க்கிற மரங்கள் நிற்கின்ற சிறு வளவுக்குக் கூடிய விலை கொடுப்பதே இலாபம். முருங்கை ஒரு வருடத்துக்குள் தரும், வாழையும் ஒரு வருடத்தில் குலை தள்ளும், எலுமிச்சைக்கு மூன்று நாலு வருடம் வேண்டும்.

இனித் தோட்டம். இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். தோட்டத்தின் அளவைப் பணம் தீர்மானிக்கக் கூடாது, தண்ணீர் தீர்மானிக்கட்டும். குடாநாட்டில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதில் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரைக்குள் பெய்துவிடும். மிச்ச மாதங்களுக்குக் கிணறுதான். வெயில் நாளில் பயிர் நிற்கும் மண்ணுக்கு நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீற்றர் நீர் வேண்டும் என்று கொள்வோம். ஒரு பரப்புக்கு அது ஏறத்தாழ 1,250 லீற்றர். பத்து லீற்றர் வாளியால் நூற்றிருபத்தைந்து வாளி. ஒரு ஏக்கருக்கு இருபதாயிரம் லீற்றர். பத்து ஏக்கருக்கு இரண்டு இலட்சம் லீற்றர், ஒவ்வொரு நாளும். மிசின் இருக்கிறதே என்பீர்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்கு ஏறியதை மறக்க வேண்டாம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோதும் அப்படித்தான். ஏக்கர்க் கணக்கில் பயிர் வைத்தவர் தவித்தார். வீட்டைச் சுற்றி இரண்டு பரப்பில் எருவும் குழையும் போட்டுக் கத்தரி, பயற்றை, மரவள்ளி வைத்திருந்தவரின் அடுப்பு அணையவில்லை.

ஆகவே இருவருக்கும் உடம்பில் பலம் இருக்கும்வரை செய்ய நாலு பரப்புத் தோட்டம் போதும் என்கிறோம். பலம் குறையும்போது அதில் இரண்டைக் குத்தகைக்குக் கொடுக்கலாம். வளவும் தோட்டமுமாக எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர்.

வயல் வேண்டாமா என்று கேட்பார்கள். இருவர் வருடத்துக்கு ஏறத்தாழ இருநூறு கிலோ அரிசி உண்பார்கள் என்றால் முந்நூறு கிலோவுக்குச் சற்று மேல் நெல் வேண்டும், புசலில் பதினைந்து. மழையை நம்பிய காலபோக வயல் ஏக்கருக்கு இருபது புசல் தந்தாலும் ஒரு ஏக்கரில் தேவை தீர்ந்துவிடும். ஊரில் வாரத்துக்குச் செய்ய நம்பிக்கையான மருமகனோ பெறாமகனோ இருந்தால் வாங்குங்கள். இல்லையேல் அந்தப் பணத்தை வங்கியில் வைத்து, கூட்டுறவுக் கடையில் அரிசியை வாங்குங்கள். கமக்காரனிடம் அரிசியை வாங்கித் தின்னச் சொல்வது எமக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வேலிக் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். சதுரமான பத்து ஏக்கரைச் சுற்றினால் 2,640 அடி, சரியாக அரை மைல். எட்டு அடிக்கு ஒரு கட்டை வைத்தால் 330 கட்டை. எட்டுப் பரப்புக்கு 590 அடி. எழுபத்தைந்து கட்டை போதும், அதையும் பூவரசு, கிளுவைக் கதியாலாலேயே செய்துவிடலாம். வன்னியில் யானைக்கும் பன்றிக்கும் கதியால் வேலி என்ன செய்யும் என்பதை அங்கு கமம் செய்தவர்களிடம் கேளுங்கள்.

மலிவான காணி ஏன் மலிவு?

பத்து ஏக்கர் மலிவாக வருகிறதென்றால் பத்திரத்தை முதலில் பாருங்கள். வன்னிக் காணிகளில் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்ட அரச காணி. அனுமதிப்பத்திரக்காரர் அதை வெளியாளுக்கு விற்க முடியாது. சமாதான நீதவான் முன்னிலையில் கடிதம் எழுதிக் கைமாற்றிக் கொள்ளலாம் என்று தரகர் சொல்வார். அந்தக் கடிதம் உறுதி ஆகாது. அளிப்புப் பத்திரம் உள்ள காணிக்கும் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும். இன்னொன்று: எண்பதுகளில் கைவிட்ட பல கமங்கள் இன்று காடாகி, வனத்திணைக்களத்தின் எல்லைக்குள் போய்விட்டன. காடு வெட்டத் தொடங்கிய பின்னர் அதை அறிவதில் பயனில்லை. கண்ணிவெடி அகற்றிய சான்றையும் கேட்டுப் பாருங்கள்; அந்த வேலை வடக்கில் இன்னும் முடியவில்லை.

குடாநாட்டு உறுதிக் காணிக்கு வேறு சிக்கல். பிரிக்கப்படாத பங்காயின், 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத் தேசவழமை முன்கொள்வனவுச் சட்டப்படி கூட்டுரிமையாளருக்கு முதலில் அறிவிக்க வேண்டும். கொடுப்பவரின் உடன்பிறந்தார் லண்டனிலும் பாரிசிலும் இருந்தாலும் அவர்கள் பங்காளிகளே. காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடப் பதிவைத் தேடுவியுங்கள். உறுதி எரிந்துவிட்டது என்று சொல்லப்பட்டால், நொத்தாரிசு அனுப்பிய இரண்டாம் பிரதி பதிவகத்தில் இருக்கும், அதைப் பாருங்கள். அளவையாளரின் வரைபடமின்றிக் காசைக் கொடுக்க வேண்டாம்.

காணியின் அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும் என்பதற்குச் சட்டத்திலும் காரணம் உண்டு. தனியார் காணியை வேறொருவர் பத்து வருடம் தடையின்றி ஆண்டால் உரிமை கோரலாம். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரினால் காணிக்குப் போக முடியாதிருந்தோருக்கு 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் ஒரு பாதுகாப்பைத் தந்தது. 2009க்குப் பிந்திய ஆண்டுகளுக்கு அந்தக் கவசம் இல்லை. 2025 மார்ச் 28இல் வெளிவந்த வர்த்தமானியொன்று, வடக்கில் ஆறாயிரம் ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த காணிகளுக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோரும்படி சொன்னது. எதிர்ப்புக் கிளம்பி, வழக்கும் வந்த பின்னரே அது மீளப் பெறப்பட்டது. கொழும்பிலிருந்து கொண்டு பத்து ஏக்கரைக் காப்பது எளிதன்று.

பிள்ளைகளைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள். இலங்கைக் குடியுரிமையை விட்டவர்கள் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி இங்கே தம் பெயரில் காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்கு அந்தத் தடை இல்லை. பெற்றோரிடமிருந்து முதுசமாகப் பெறுவதற்கும் தடை இல்லை. அதனால்தான் பிள்ளைகள் பெற்றோர் பெயரில் பெரிதாக வாங்கச் சொல்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அது பிள்ளைகளின் முதலீடு. அந்தப் பத்து ஏக்கருக்குக் காவல் இருக்கத்தான் போகிறோமா என்று தாய் தகப்பன் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழைய காணியை மட்டும் அவசரப்பட்டு விற்க வேண்டாம். விடுவிக்கப்படாத காணிக்கு அரைவிலை கேட்டு வரும் தரகர்கள் வெள்ளவத்தைக் கடைத்தெருவிலும் இருக்கிறார்கள். புதிதாக வாங்குவதைச் சிறிதாக வைத்தால்தான் பழையதைக் காத்திருந்து மீட்கக் கையில் காசு மிஞ்சும்.

காணியை இரண்டு தடவை பார்க்க வேண்டும். நவம்பரில் வெள்ளம் எங்கே நிற்கிறது என்று ஒருமுறை. ஓகஸ்டில் கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர் கிடக்கிறது, மிசின் எவ்வளவு நேரம் இழுக்கும் என்று ஒருமுறை. ஆசுப்பத்திரிக்கும் பேருந்துத் தரிப்புக்கும் நடந்தே போய்ப் பாருங்கள், வண்டியில் வேண்டாம்.

அந்தத் தம்பதியினர் கடந்த மாரியில் யாழ்தேவியில் போய் வந்தார்கள். வன்னிப் பக்கம் இறங்கவில்லை. தெல்லிப்பழை ஆசுப்பத்திரிக்குப் பேருந்து ஓடும் வீதியோரமாக ஆறு பரப்பு வளவொன்று, காய்க்கிற தென்னை ஏழு. அவருக்கு இன்னும் மனம் முழுதாக ஆறவில்லை. ஒரு பரப்பிலாவது வெங்காயம் நடுவேன் என்கிறார். அந்த அம்மா கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் அடைத்துக் கொண்டு வந்து எமது மேசையில் வைத்தார். "நல்ல தண்ணி சுவாமி, குடிச்சுப் பாருங்கோ." குடித்தோம், இனிப்பாகத்தான் இருந்தது. பசளையால் இறங்கும் நைத்திரேற்று நாக்குக்குத் தெரியாது; லீற்றரில் ஐம்பது மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு ஆகாது. அடுத்த வருடம் பேரப்பிள்ளை வருகிறதாம். மிச்சத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். முடிவு வரும்வரை முற்பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.