செல்ஃப் எடுக்காத காரும் பத்தாம் வகுப்பு ஓம் விதியும்

சென்ற ஆண்டு பிப்ரவரியில், திருப்புதல் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது, ஒரு நாள் காலை என் கார் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிறிய பெட்ரோல் கார் அது. வீட்டுக்கு வந்து பார்த்த மெக்கானிக், “செல்ஃப் மோட்டார் போயிடுச்சு மேடம், மாத்தினாத்தான் சரியாகும்” என்றார். மாற்றினோம். கூலியோடு 7,200 ரூபாய். வண்டியும் உடனே கிளம்பியது. பன்னிரண்டாம் நாள் மாலை, பள்ளி வளாகத்தில் மறுபடியும் அதே ‘டக்’.

வண்டியைத் தள்ளிவிட வந்த மாணவர்களில் ஒருவன் பத்தாம் வகுப்பு. வகுப்பில் வாயே திறக்கமாட்டான். அவன் அண்ணன் பட்டறை வைத்திருக்கிறார். “டீச்சர், இப்ப நாலஞ்சு தடவை சாவி போட்டீங்கல்ல, பேட்டரி டெர்மினலைத் தொட்டுப் பாருங்க. எது சுடுதோ அங்கதான் கோளாறு” என்றான்.

மைனஸ் பக்கத்துக் கிளாம்ப் நன்றாகவே சுட்டது. பிளஸ் பக்கத்தில் சூடே இல்லை. மின்னோட்டத்தின் வெப்ப விளைவை இத்தனை ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிவரும் எனக்கு அது தோன்றவில்லை. அவனுக்குத் தோன்றியது.

உடனே கழற்றிச் சுத்தம் செய்துவிட அவனுக்குக் கை பரபரத்தது. கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு, ஆய்வகத்திலிருந்து மல்டிமீட்டரை எடுத்துவரச் செய்தேன். வண்டியை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கை இழுத்துவிட்டு, டி.சி. 20 வோல்ட் அளவில் மீட்டரை வைத்தோம். சாவி போடாத நிலையில், பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே 12.5 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வு நிலையில் ஏறத்தாழ 12.6 காட்டும். ஆகவே பேட்டரி பழுதில்லை என்று தோன்றியது. சக ஆசிரியர் ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். அப்போதும் முனைகளில் 11.8 இருந்தது. இந்த நேரத்தில் 9.6-க்குக் கீழே இறங்கினால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் ஈயக் குமிழிலும், மறுமுனையை அதைப் பிடித்திருக்கும் கிளாம்பிலும் வைத்தேன். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியே இருப்பவை. சாவி போடாதபோது சுழி. சாவியைத் திருப்பியதும் 3.1 வோல்ட்! நல்ல இணைப்பில் இது 0.2-ஐத் தாண்டக் கூடாது. கழற்றிப் பார்த்தால் உள்பக்கம் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. தண்ணீரில் கரைத்த சமையல் சோடாவும் ஒரு துண்டு உப்புத்தாளும் போதுமாக இருந்தன. சுத்தம் செய்து இறுக்கியபின் அதே இடத்தில் 0.1 வோல்ட். வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது.

அப்படியானால் 7,200 ரூபாய் கொடுத்த அன்று வண்டி எப்படிக் கிளம்பியது? இந்தக் கேள்விதான் எனக்கு அன்றிரவு தூக்கத்தைக் கெடுத்தது. செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியின் மைனஸ் இணைப்பைக் கழற்றுவார்கள். வேலை முடிந்ததும் மாட்டுவார்கள். அந்த உரசலில் பூத்திருந்த படலம் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது. தற்செயலாகக் கிடைத்த பலன் மோட்டாரின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. மெக்கானிக் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அவர் அளந்து பார்க்கவில்லை. நானும் அளக்கச் சொல்லவில்லை, பழைய மோட்டாரைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கவுமில்லை.

மறுநாள் வகுப்பில் இதையே கணக்காகக் கொடுத்தேன். சிறிய காரின் செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியர் அளவில் மின்னோட்டம் இழுக்கும். எளிமைக்காக 100 என்றே வைத்துக்கொண்டோம். 3.1 வோல்ட்டை 100-ஆல் வகுத்தால் மின்தடை 0.031 ஓம். “இவ்வளவு சின்ன எண்ணா?” என்றாள் ஒரு மாணவி. அந்த வியப்புதான் எனக்கு வேண்டியிருந்தது. நம் பாடநூல் கணக்குகளில் 5 ஓம், 10 ஓம் என்றே பார்த்துப் பழகியவர்களுக்கு, 0.031 என்பது இல்லாததற்குச் சமம். ஆனால் அதே இடத்தில் வெளிப்படும் வெப்பத்தின் திறன் 310 வாட். 750 வாட் இஸ்திரிப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டெர்மினல் ஏன் சுட்டது என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“மீட்டரில்தான் ஓம் அளவு இருக்கிறதே, நேராக மின்தடையையே அளந்தால் என்ன?” என்று இன்னொருவன் கேட்டான். நல்ல கேள்வி. சாதாரண மீட்டர் 0.1 ஓமுக்குக் குறைவானதைக் காட்டாது, அதன் ஒயர்களுக்கே அதைவிட அதிக மின்தடை உண்டு. ஆகவே மின்னோட்டம் ஓடும்போது மின்னழுத்த வேறுபாட்டைத்தான் அளக்க வேண்டும். ஓய்வில் எடுத்த 12.5 எனக்கு எதையுமே சொல்லவில்லை.

வகுப்பில் இதைச் செய்ய கார் தேவையில்லை. நான்கு புது டார்ச் செல்கள், 6 வோல்ட் பல்பு, ஒரு துருப்பிடித்த ஆணி, நான்கு ஒயர்கள் போதும். சுற்றில் ஆணியைச் சேர்த்தால் பல்பு மங்கும். செல்களின் முனைகளில், பல்பின் முனைகளில், ஆணியின் இருபுறமும் என்று மூன்று இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். ஆணியை உப்புத்தாளால் தேய்த்தபின் மீண்டும் அளக்கட்டும். பழைய செல்களை வைத்துச் செய்யாதீர்கள். அவற்றின் அகமின்தடை உள்ளே புகுந்து கணக்கைக் குழப்பிவிடும். எங்கள் முதல் முயற்சி அப்படித்தான் வீணானது.

கார் வைத்திருக்கும் ஆசிரியர்களுக்குச் சில செய்திகள். மீட்டர் கையில் இல்லாவிட்டால் முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு அணைவதுபோல் மங்கினால் முதலில் பேட்டரி, டெர்மினல்களைப் பாருங்கள். மங்காமல், சத்தமும் வராமல் இருந்தால் செல்ஃப் வரை மின்சாரமே போகவில்லை. ஃபியூஸ், ரிலே, சாவி சுவிட்ச் பக்கம் தேட வேண்டும். விளக்கு பிரகாசமாக எரிந்து ‘டக்’ மட்டும் கேட்டால்தான் செல்ஃப் மோட்டார் மீது சந்தேகம் வரலாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் பெரும்பாலான கார்களில் ஆல்டர்னேட்டர் நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். எஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய வழக்கத்தை மட்டும் யாரையும் செய்யவிடாதீர்கள். அப்போது எழும் உயர் மின்னழுத்தம் வண்டியின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியையே கெடுத்துவிடக் கூடும். அதன் விலைக்கு முன் என் 7,200 ஒன்றுமேயில்லை.

பேட்டரியில் கை வைக்குமுன் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். உள்ளே இருப்பது கந்தக அமிலம், வெளியேறுவது ஹைட்ரஜன் என்பதால் தீப்பொறி ஆகாது. மாணவர்களை எட்ட நின்று பார்க்க மட்டும் விடுங்கள்.

அந்த மாணவன் பொதுத்தேர்வு முடிந்ததும் ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் சேர்ந்திருக்கிறான். பட்டறைக்கென்று ஒரு மல்டிமீட்டர் வாங்கச் சொல்லி அண்ணனிடம் கேட்டிருக்கிறானாம். எந்த மாடல் நல்லது என்று விசாரிக்கப் போன வாரம் பள்ளிக்கு வந்திருந்தான்.